இடைக்கண்டம்

எங்க பெரிய வாப்பா ஒண்ணு சொல்லுவாவ வே. பேட்டையில கறிக்கடை வச்சிருந்தாவ. கறி வாங்கப் போனா வெட்டுதவன் கையைப் பாக்காத, கத்தியைப் பாக்காத, பலகையில மிச்சம் என்ன கெடக்குன்னு பாருன்னு... இல்ல, மிச்சத்துக்கிட்ட கேளுன்னா? ரெண்டுல ஒண்ணு. மறந்து போச்சு. அரபு நாட்டுல, சலாலாவுல இருபத்திரெண்டு வருசம் வெயில்ல நின்னதுல பாதி மண்டை காஞ்சு போச்சுல்லா. உம்ம பேப்பரைப் பாத்ததும் அதுதான் நெனப்புக்கு வந்துச்சு.

நிக்காதீரும். அந்தச் சேரை இழுத்துப் போட்டு இரியும். கையெழுத்துத்தானே, என் கையி எங்க ஓடிரப் போவுது. மணி என்ன ஆவுது? ஒம்பது இருபதா. விசாரணை பதினோரு மணிக்கு. உம்ம காருல சேரன்மாதேவி அரை மணி நேரம். என்னது? போற வழியில பஸ் ஸ்டாப்புல நிக்கித மாடக்கண்ணையும் வண்டியில ஏத்திக்கிடணுமா? ஏத்திக்கிடுவோம், அதுக்கென்ன. பொண்டாட்டியப் பறிகொடுத்தவன், ஏசியப் போட்டு நாலு வார்த்தை பேசிட்டே போனா மனசு எறங்கிருவான்னு உம்ம மாமா நெனச்சிருப்பாரு. ஐயம்பெருமாள் அண்ணாச்சி நெனப்பு எப்பவும் அப்படித்தான். காரைக் கண்டா எல்லாவனும் மயங்கிருவான்னு நெனப்பு.

ஆபிதா, ரெண்டு சாயா போடு. இஞ்சி தட்டிப் போடு. பையவே போடு, நல்லாக் கொதிக்கட்டும்.

இது என்னது, ஓலைப்பெட்டி? கருப்பட்டியா! உடன்குடியில சொல்லி வாங்குனதா? மாமா குடுத்துவிட்டாரா. பாரும், பாலம்மாள் செத்து நாப்பது நாள் ஆச்சு, மாடக்கண்ணு வீட்டுக்கு ஒரு பொடி அரிசி போவல. எனக்குக் கருப்பட்டி. சரி சரி, மொகத்தைத் தொங்கப் போடாதீரும். நீரு என்ன செய்வீரு, குடுத்துவிட்டாவ, கொண்டாந்தீரு. தபால்காரன் மேல கோவப்பட முடியுமா?

பேப்பருக்கு வருவோம். நீரு இதை வாசிக்கவே இல்லைன்னு உம்ம மொகத்துலயே எழுதியிருக்கு. நான் சொல்லுதேன், கேட்டுக்கிடும். ஊமத்தங்குளத்துல தூர் வாருன வேலை. அனுமதி ஒரு மீட்டர் ஆழம். வேலை நடந்தது சித்திரை, வைகாசி. அளந்தவன் இந்த அசன் மைதீன். அந்த அளவெல்லாம் சரிதான்னு அசன் மைதீன் இன்னொரு தடவை ஒப்புக்கிட்டுக் கையெழுத்துப் போடணும். ஏன்னா ஐப்பசியில எருமை குளிப்பாட்டப் போன பாலம்மாள் அதுல முங்கிச் செத்துப் போனா. பன்னெண்டு அடி நோண்டிட்டாவ, அதுலதான் என் பொண்டாட்டி போனான்னு மாடக்கண்ணு மனு குடுத்துருக்கான். மணிமுத்தாறு தெறந்துவிட்டு இப்பக் குளம் தளும்பிக் கெடக்கு. எறங்கி அளக்க முடியாது. கோடை வருத வரைக்கும் இந்தப் பேப்பர்தான் குளம். இதுல என்ன எழுதியிருக்கோ அதுதான் ஆழம். சரிதானா? தலையாட்டுதீரு. நல்லது. இவ்வளவு தூரம் புரிஞ்சுக்கிட்டதே பெருசு.

இப்ப மூணாவது வரியைப் பாரும். சாட்சித் திட்டு ஒண்ணு, வடிவம்னு போட்டு இங்கிலீசுல ஒரு வார்த்தை. வாசியும். சத்தமா வாசியும்வே, வீட்டுல பச்சப்புள்ள ஒண்ணும் தூங்கல. ஃப்ரஸ்டம். ஆங். அப்படின்னா என்ன?

பக்கெட்டா!

ஏ ஆபிதா, கேட்டியா? பி.இ. சிவில். நாலு வருசம் படிச்சுப் பட்டம் வாங்கி, பக்கெட்டுங்காரு. இல்லவே, உம்மைக் குத்தம் சொல்லல. எனக்கும் பத்தாங்கிளாசுல அப்படித்தான் சொல்லிக் குடுத்தாரு ஒரு வாத்தியாரு. கூம்பு ஒண்ணு வரைவாரு, மேல ஒரு கோட்டைப் போட்டு நுனியை அழிச்சிருவாரு, மிச்சத்தைக் கவுத்து வரைவாரு, வாளிம்பாரு. அந்த வாளியில எத்தனை லிட்டர் பாலு பிடிக்கும், அந்த வாளி செய்ய எத்தனை தகடு வேணும். வருசம் பூராவும் அதே வாளி. அந்த நுனி எங்க சார் போச்சுன்னு கேட்டேன். ஒரு நாளு வெளிய நிக்க வச்சாரு. அவருக்கும் தெரியாது பாத்துக்கிடும். தெரியாதவனுக்குத்தான் கோவம் சட்டுன்னு வரும்.

போன் அடிக்குது. மாமாவா? எடுக்காதீரும். சொல்லுதேன்லா, நான் பேசிக்கிட்டு இருக்கும்போது நடுவுல போன் பேசினா எனக்குக் கையி நடுங்கும். பொறவு கையெழுத்து கோணிரும், அளவு ஏட்டுல இருக்குத கையெழுத்தோட ஒத்துப் போவாது. உமக்குத்தான் சங்கடம். கவுத்துப் போடும். ஆங், அப்படி.

அந்த வார்த்தை லத்தீன் வே. ரோமாபுரிக்காரன் பேசுன பாசை. எனக்கு எப்படித் தெரியும்னு பாக்குதீரா? உம்ம மொகத்துல ஒரு சிரிப்பு வருது பாரும், தொப்பி போட்ட மேலப்பாளையத்துப் பாய்க்கு லத்தீனான்னு. வரட்டும், சிரியும். சலாலாவுல மலையைக் குடைஞ்சு ரோடு போட்டப்ப எங்க பெரிய சர்வேயர் ஒரு இத்தாலிக்காரன். ஒரெஸ்தேன்னு பேரு. கெழவன். சின்ன வயசுல பாதிரிமாருகிட்ட அடி வாங்கி லத்தீன் படிச்சவன். கையில எந்த வார்த்தை கெடைச்சாலும் அதோட தாய் யாரு தகப்பன் யாருன்னு பாக்காம விடமாட்டான். நாங்க கோடு போட்டா, கோட்டுக்கு ஒரு கதை. வட்டம் போட்டா வட்டத்துக்கு ஒரு கதை. மத்தவனுவ எல்லாம் கோட்டிக்காரக் கெழவன்னு தள்ளிப் போயிருவானுவ. நான் அளவுக் கட்டையப் பிடிச்சுக்கிட்டு அங்கனயேதானே நிக்கணும், எனக்கு எங்க போக்கு. கேட்டேன். கேட்டுக் கேட்டுப் பிடிச்சுப் போச்சு.

ஒரு நாளு மத்தியானம், கேம்புல குபூஸ் தின்னுக்கிட்டு இருக்கோம். குபூஸ்னா அந்த ஊரு ரொட்டி. ஒரு நாயி வந்து நின்னு பாக்குது. கெழவன் ரொட்டியில ஒரு துண்டைப் பிச்சுப் போட்டான். போட்டுட்டு, மொய்தீன், இதுதான் ஃப்ரஸ்டம்னான். எனக்குப் புரியல. வாளியில்லா ஃப்ரஸ்டம்னேன். சிரிச்சான். ரோமாபுரியில எவனுக்கும் அது வாளி இல்ல, கூம்பும் இல்ல. ரொட்டியில பிச்ச துண்டு, கறியில கடிச்ச துண்டு, நாயிக்குப் போட்ட துண்டு, அதுக்குப் பேருதான் ஃப்ரஸ்டம். வாயில போடுத ஒரு வாய். கணக்கு எழுதுனவன் பின்னால வந்து அந்தப் பேரை எடுத்துக் கூம்பு மேல ஒட்டிட்டான். அதுலயும் பாரும், தலைய வெட்டி எறிஞ்சாச்சு. எறிஞ்ச தலைக்குப் பேரு இல்ல. வெட்டுப்பட்டுக் கீழ நிக்கிது பாரும், அதுக்குத்தான் துண்டுன்னு பேரு. முழுசா இருந்த பொருளை வெட்டுனது நாம, துண்டுங்கித பட்டம் நின்னதுக்கு.

நம்ம தமிழ்ப் புஸ்தகத்துல அதுக்கு என்ன போட்டிருக்கு தெரியுமா? நீரு இங்கிலீசு மீடியம், உமக்குத் தெரியாது. நான் பத்து வரைக்கும் தமிழு, பொறவு பாலிடெக்னிக்ல எல்லாம் இங்கிலீசு. ரெண்டாவது வருசத்துல வாப்பா மௌத்தாப் போயிட்டாவ, படிப்பும் அதோட போச்சு. ரெண்டு பாசையிலயும் அரைகுறை. ஆனா ரெண்டு பாசையிலயும் படிச்சவனுக்கு ஒரு நன்மை உண்டு, ஒண்ணு மறைக்கிததை இன்னொண்ணு காட்டிக் குடுத்துரும். தமிழ்ல இடைக்கண்டம். கண்டம்னாலும் துண்டுதான். எவனோ நல்லவன் உக்காந்து மொழிபெயர்த்திருக்கான், ஏமாத்தல. அந்த வாத்தியாரு அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிக் குடுத்திருந்தா எனக்கு முப்பது வருசம் மிச்சம். அவரு வாளி விக்கப் போயிட்டாரு.

சாயா வந்துட்டு. குடியும். சூடா இருக்கு, ஊதி ஊதிக் குடியும்.

ஆபிதா, அந்தச் சின்னக் கத்தியக் கொண்டா. கருப்பட்டிக்குத்தான். உமக்குக் கணக்கைக் கண்ணுல காட்டுதேன், பாரும். நீருதான் கொண்டாந்தீரு, வீணாப் போவ வேண்டாம்.

இங்கன பாரும். சிரட்டையில ஊத்தி எடுத்தது, அடி அகலம், மேல குறுகலு. கூம்பு இல்ல, எனக்குத் தெரியும், உமக்குப் புரிஞ்சாப் போதும். இதுதான் திட்டு. நீரு திட்டைப் பாத்திருக்க மாட்டீரு. ஆவணியிலதானே வந்து சேந்தீரு, அதுக்குள்ள தண்ணி ஏறிட்டு. குளத்தைத் தோண்டும்போது நடுவுல ஒரு எடத்தைத் தொடாம விட்டுரணும். சுத்தி எல்லாம் எறங்க எறங்க அது மட்டும் ஒசந்து நிக்கும். அது தலையில பழைய தரை, பழைய புல்லு. நாங்க இங்கன இருந்தோம், இவ்வளவு ஆழம் போயிட்டாவன்னு சொல்லுத சாட்சி அது ஒண்ணுதான். அதான் சாட்சித் திட்டு. நேரா நிறுத்துனாச் சரிஞ்சிரும், அதனால சரிவு குடுக்கணும். ஒரு அடி கீழ எறங்குனா ஒரு அடி அகலம் கூடும். தலையில மூணடி விட்டாப் போதும், ஒரு ஆளு ரெண்டு காலை வச்சு நின்னு கட்டையப் பிடிக்கணும், அவ்வளவுதான். அதுக்கு மேல மண்ணை விட்டுவைக்க எந்த கான்டிராக்டருக்கு மனசு வரும்? உம்ம மாமாவுக்கு வருமா?

இப்ப உம்ம பேப்பர்ல இருக்குத அளவை வாசியும். அடி அகலம் பதினஞ்சு. ஆங். ஒசரம் மூணு. ஒரு மீட்டருக்கு மூணு இஞ்சு கம்மி, அனுமதிக்கு உள்ளதான். தலை அகலம்? சொல்லும். பன்னெண்டு.

பன்னெண்டடித் தலை வே! பன்னெண்டு அடி அகலத்துக்கு ஒரு சாட்சித் திட்டு! அதுல கட்டில் போட்டுப் படுக்கலாம், நாலு பேரு உக்காந்து பந்தி சாப்பிடலாம். உலகத்துல எவனாவது அப்படி விடுவானா? உம்ம மாமாவுக்கு இது கண்ணுல படல. பாக்க வந்த அதிகாரிக்கும் படல. அவரு கரையில செருப்புல மண்ணு ஒட்டாம நின்னு, திட்டுப் பக்கத்துல கட்டையை வச்சுப் படம் பிடிக்கச் சொன்னாரு. படத்துல மூணடி தெரிஞ்சுது. போதும்னு வண்டியில ஏறிட்டாரு. பத்தடி தள்ளி ஓரத்துல நின்னு பாத்திருந்தா பள்ளம் தெரிஞ்சிருக்கும். ஏட்டுக்கு எதுக்குப் பள்ளம், படம் இருக்கே. தட்டெழுத்துக்காரி வேற அந்த வார்த்தைக்கு நடுவுல ஒரு எழுத்தைக் கூடப் போட்டு வச்சிருக்கா. ஒரெஸ்தே இருந்தாத் தலையில அடிச்சுக்கிடுவான். யாரு பாத்தா? எவன் வாசிச்சான்? சவம், எழுதுனதை எல்லாம் வாசிச்சா இந்த நாட்டுல எவன் கையெழுத்துப் போடுவான்.

பாரும், பாரும். கருப்பட்டி மண்டைய இப்படிச் செரைக்கேன். கொஞ்சம் கொஞ்சமாத்தான் வரும், கடினமா இருக்கு. நல்ல கருப்பட்டி, கலப்படம் இல்ல. தலை அகலமாவுதா? இன்னும் செரைச்சா இன்னும் அகலமாவும். இப்ப இதைப் பாக்குதவன், மேல போனதைப் பாக்கல. ஆனா மிச்சத்துல சரிவு இருக்குல்லா. அடிக்கு அடி. இங்கன பன்னெண்டு. மேல போவப் போவ பதினொண்ணு, பத்து, ஒம்பது, எட்டு... மூணு ஆவுத வரைக்கும் போரும். எத்தனை அடி? ஒம்பது. நின்னது மூணு, போனது ஒம்பது. மொத்தம்?

சொல்லும்வே. வாயைத் தொறந்து சொல்லும். கூட்டல்தான்.

பன்னெண்டு. மாடக்கண்ணு பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்குனவன் இல்ல, அவன் மனுவுல சொன்னதும் பன்னெண்டு. நீரு பேப்பரைக் கொண்டாந்து நீட்டுதீரு பாரும், உம்ம மாமா குத்தத்தை உம்ம மாமா பேப்பரே சொல்லுது. வெட்டுனவன் தலையைத் தூக்கி டிப்பர்ல போட்டு அனுப்பிட்டான், நின்ன துண்டு எல்லாத்தையும் சொல்லிக்கிட்டு நிக்கிது. பெரிய வாப்பா சொன்னது கேளுன்னுதான்னு நெனக்கேன். பாருன்னு இல்ல. மிச்சத்துக்கிட்ட கேளு.

இந்தாரும், ஒரு துண்டு வாயில போடும். ஃப்ரஸ்டம்.

இரியும், எங்க எந்திரிக்கீரு. சாயா இன்னும் பாதி இருக்கு. மணி பத்து ஆகலையே. பத்து ஆயிட்டா? ஆவட்டும், அரை மணி நேரத்துல போயிரலாம். மாமாகிட்ட என்னத்தைப் போயிச் சொல்லுவீரு? பாய் கருப்பட்டியச் செரைச்சுக் கணக்குச் சொன்னாருன்னா? முழுசாக் கேட்டுட்டுப் போரும். நீரு இன்னும் கேக்கவேண்டியதைக் கேக்கல. படிச்சவன் கேள்வியே கேக்கமாட்டான் போல. நானே கேக்கேன். பதினஞ்சு, பன்னெண்டு, மூணு. இவ்வளவு துல்லியமா அந்த அளவை எழுதுனது யாரு? உம்ம மாமாவா? அவருக்கு மொழத்துக்கும் அடிக்கும் வித்தியாசம் தெரியாது. செரைச்ச திட்டை ஏமாத்துக்காரன் அளந்திருந்தா, தலை மூணடின்னு பொய்யா எழுதியிருப்பான், ஒருத்தனுக்கும் சந்தேகம் வந்திருக்காது. திட்டு செரைச்சது பொய்யி. அளவு மட்டும் உண்மை. அப்படி ஒரு கோட்டிக்காரன் யாருவே இருப்பான்?

நான்தான்.

அளவுல மட்டும் எனக்குப் பொய் வராது பாத்துக்கிடும். இருபத்திரெண்டு வருசம் கட்டை பிடிச்ச கையி. இஞ்சு பிசகுனா ராத்திரி தூக்கம் வராது. ஆபிதாகிட்ட கேளும்.

உம்ம மாமா என்னைக் கூட்டிட்டுப் போனப்ப திட்டு பன்னெண்டு அடி நின்னுது. பனை மாதிரி நின்னுது. படம் பிடிக்க நாளைக்கு ஆளு வாராவ, ஜேசிபிய விட்டு இடிச்சுத் தள்ளிரட்டுமான்னு கேட்டாரு. அவரு புத்திக்கு அவ்வளவுதான் எட்டும். எனக்கு ஒரு பிளாஸ்டிக் சேரு போட்டு, குடை பிடிக்க ஒருத்தனை நிறுத்தி, இன்ஜினியர் பாய், நீங்க சொல்லுங்கன்னாரு. வே, இருபத்திரெண்டு வருசத்துல என்னை ஒருத்தன் சேரு போட்டு உக்கார வச்சதில்ல. சலாலாவுல நான் கட்டைக்காரன். பேரு கூடக் கெடையாது, ஏ கட்டைம்பான், ஓடணும். இங்கன இன்ஜினியர் பாய். உம்ம மாமா குடுத்த கூலி அதுதான், வேற ஒண்ணும் இல்ல. நீரு பெட்டியில வேற என்ன வச்சிருக்கீரோ தெரியாது, எனக்கு அன்னைக்கு அந்தச் சேரு போதுமா இருந்துச்சு.

இடிக்காதீங்க அண்ணாச்சி, திட்டு இல்லைன்னா ஏடு நிக்காதுன்னேன். முதல்ல தலையில இருக்குத புல்லை வேரோட பத்தை பத்தையா எடுங்க. நனைஞ்ச சாக்குல சுத்தி நெழல்ல வைங்க. பொறவு மண்ணைப் பையச் செரைச்சுக்கிட்டே வாங்க. மூணடி நிக்கும்போது நிறுத்துங்க. அந்தப் புல்லை எடுத்து மேல வச்சுத் தண்ணி தெளிங்க, மறுநாளு பாத்தாப் பழைய தரை மாதிரியே இருக்கும்னேன். அப்படியே செஞ்சாவ. அழகா இருந்துச்சு வே. நான் நின்னு பாத்தேன். ஏட்டுல வடிவம்னு போட்டு, ஃப்ரஸ்டம்னு எழுதச் சொன்னதும் நான்தான். உம்ம மாமா, அப்படின்னா என்ன பாய்னாரு. வாளின்னேன்.

ஆமா. வாளின்னுதான் சொன்னேன். இவனுக்கெல்லாம் எதுக்கு ரோமாபுரிக் கதைன்னு ஒரு எளக்காரம். இவ்வளவு நேரம் உம்மையும், அந்த வாத்தியாரையும், உம்ம மாமாவையும் பேசினேனே, அவ்வளவு எளக்காரத்தையும் சேத்து வச்சு ஒரே ஆளைத்தான் பேசிக்கிட்டு இருக்கேன். நீரு நடுவுல வந்து உக்காந்துட்டீரு, அவ்வளவுதான்.

போன் திரும்ப அடிக்குது. அடிக்கட்டும்.

பொறவு ஆவணியில குளத்துல முதத் தண்ணி வந்துச்சு. பள்ளமெல்லாம் ரொம்பி மேல கொஞ்சம் கெடக்கு, கலங்கல், அடி தெரியல. தோண்டுன பள்ளம் எல்லாம் நெரவி மூடியாச்சுன்னு உம்ம மாமா ஊர்ல சொல்லி, கரையில போர்டும் வச்சுட்டாரு. ஆழம் ஒரு மீட்டர். நான் அசர் தொழுதுட்டுக் கரை வழியா வாரேன். பாலம்மாள் ரெண்டு எருமையப் பத்திக்கிட்டு எதிர்ல வாரா. கோடையில அவ பாத்திருக்கா, ஜேசிபி கிடங்கு கிடங்கா நோண்டுனதை. போர்டை நம்பல அவ. போர்டு வாசிக்கத் தெரியாதுங்கித வேற விசயம். என்னைத்தான் கேட்டா. பாய், நீங்கதானே அளந்தீய, பள்ளத்தையெல்லாம் மெய்யாவே மூடிட்டாவளா, குளம் நெறைஞ்சா எருமையோட எறங்கலாமான்னு கேட்டா.

நான் சொன்னேன். தாராளமா எறங்கு. ஓரத்துல முட்டளவு இருந்தா, தோண்டுன எடத்துல உன் நெஞ்சு வரைக்கும் வரும். ஒரு மீட்டர்தான். நான் அளந்த அளவு தப்பாதுன்னேன்.

நெஞ்சைத் தொட்டுக் காமிச்சேன் வே. இந்தா, இங்கன.

ஐப்பசியில எருமை உள்ள எறங்கிட்டுன்னு பின்னாலயே எறங்கியிருக்கா. ஓரத்துல முட்டளவு. அடுத்த அடி.

எருமை கரையேறிட்டு. ரெண்டும் இப்ப மாடக்கண்ணு வீட்டு முன்னாலதான் கட்டிக் கெடக்கு.

எந்திரியும், சாயா போதும். ஓலைப்பெட்டிய எடுத்துக்கிடும், தலை செரைச்ச கருப்பட்டியையும் சேத்து உள்ள வச்சிருக்கேன். செரைச்ச தூளை இந்தத் தாள்ல மடிச்சிருக்கேன், அதையும் மாமாகிட்ட குடும். பேப்பர் அங்கனயே இருக்கட்டும், அதுக்கு இனிமே வேலை இல்ல. இல்லவே, நானும் உம்ம கூடத்தான் வாரேன், சட்டைய மாட்டிக்கிட்டு வந்துருதேன். பஸ் ஸ்டாப்புல நிறுத்த வேண்டாம். மாடக்கண்ணு அங்கன இல்ல. நான் சொல்லிவச்சபடி ஒம்பதரை பஸ்ல ஏறிட்டான்.

மணி என்ன? பத்தே காலா. அப்பச் சேரன்மாதேவியில எறங்கி ஆபீசுக்குள்ள போயிருப்பான். அவன் கையில நாலு பக்கம் இருக்கு. நேத்து நான் உக்காந்து எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தது. குத்தவாளின்னு மூணு பேரு எழுதியிருக்கேன். முதப் பேரு என் பேரு.